பெயர் நிர்ணயமும் பொறியில் விழும் ஈயும்

2003-ஆம் ஆண்டில் கென்யாவில் கண்டறியப்பட்டு, சில ஆண்டுகளுக்குள் ஆப்பிரிக்கக் கண்டத்தின் பெரும்பகுதியில் பரவி மாந்தோப்புகளைப் பாழ்படுத்திய பழ ஈயை, ட்ரூ, ட்சுருட்டா, வைட் என்னும் மூவரும் இலங்கை மாதிரிகளோடு சேர்த்து ஆராய்ந்து, 2005-இல் பாக்ட்ரோசெரா இன்வேடன்ஸ் என்ற புதிய இனமாக அறிவித்தனர். 1912-இல் ஹெண்டல் தைவானிலிருந்து விவரித்த பாக்ட்ரோசெரா டோர்சாலிஸின் மார்பு மேற்புறம் பெரும்பாலும் கறுத்திருக்க, ஆப்பிரிக்க ஈக்களிலோ அது செங்கபிலத்திலிருந்து கருமை வரை பலபடியாக வேறுபட்டது. ஆதலால் அன்றிருந்த சான்றுகளின்படி அம்முடிவு நியாயமானதே என்பது எமது அபிப்பிராயம்.

எனினும் பெயர் வேறானவுடன், டோர்சாலிஸைப் பற்றிப் பல காலமாகத் திரட்டிய அறிவு இந்த ஈக்குச் செல்லுமா என்ற சந்தேகம் எழுந்தது. ஏற்றுமதிப் பழங்களில் இந்த ஈயின் புழுவைக் கொல்லும் சிகிச்சை முறைகளைப் புதிதாக நிரூபிக்க வேண்டியதாயிற்று. அதன் சுமையோ ஆப்பிரிக்க மா விவசாயிகளின் தலையில் விழுந்தது. பின்னர், உருவம், மரபணு, குரோமோசோம், கூடல் நடத்தை, ஆண் ஈயின் வாசனைப் பொருள்கள் ஆகிய யாவற்றையும் ஒருங்கே பரிசீலித்த ஷூட்ஸே முதலானோர், இன்வேடன்ஸும் 1994-இல் தனியினமாக்கப்பட்ட பப்பாயேயும் டோர்சாலிஸே என்று 2015-இல் நிர்ணயித்தனர். இவற்றை நெருங்கி ஒத்த காரம்போலே மட்டும் தனியினமாகவே நின்றது.

இத்தகைய மறுபரிசீலனைக்கு ஆதாரம், பல தேசங்களிலிருந்து பெருந்தொகையாகச் சேர்த்துக் காக்கப்பட்ட மாதிரிகளன்றி வேறில்லை. நம் நிலைமை என்ன? பாடியில் எமது அலுவலகத்துக்குப் பின்னுள்ள மாமரத்தில் தொங்கும், ஆண் ஈக்களை ஈர்க்கும் மெத்தில் யூஜினால் பொறியைக் கவிழ்த்தால், டோர்சாலிஸும் அதே பேரினத்தைச் சேர்ந்த கரெக்டாவும் சோனாட்டாவும் கலந்தே விழுகின்றன. சிறகின் முன்விளிம்புக் கோடு நுனிவரை அறுபடாது ஓடுவது டோர்சாலிஸ். கோடு இடையில் அற்று நுனியில் ஒரு புள்ளி மட்டும் எஞ்சினால் மற்ற இரண்டில் ஒன்று. முகத்தின் கரும்புள்ளிகள் குறுக்கே நீண்டிருப்பின் அது கரெக்டா. உருப்பெருக்கியின் கீழ்ச் சில நொடிகளில் தெளியும் இவ்வேற்றுமைகளைப் பாராமலே, நம் தோப்புகளில் ஈக்கள் எண்ணப்பட்டு, ஒரே எண்ணாகப் பதிவேட்டில் ஏறி, மண்ணில் கொட்டப்படுகின்றன. எமக்கு இது மிகுந்த வருத்தம் தருகிறது.

மாதிரிகளைச் சீட்டோடு காப்பதன் பயனுக்கு நம்மிடமே சான்று உண்டு. காரைக்காலை அடுத்த குரும்பகரத்திலும் ஆனைமலைச் சின்கோனாவிலும் பூச்சிகளைச் சேகரித்த பி. சூசை நாதன், இடமும் உயரமும் மாதமும் குறித்த சீட்டுகளோடு அவற்றை அனுப்பியதனாலன்றோ, அமெரிக்காவிலிருந்த சி. பி. அலெக்சாண்டர் நம் மலைகளின் நெடுங்கால் கிரேன் ஈக்களை இனங்காண முடிந்தது! அச்சீட்டுகள் இன்றும் பயன்படுகின்றன.

ஆகவே, பழ ஈ பற்றி இவ்விதழுக்கு அனுப்பப்படும் கட்டுரைகளில், இனங்கண்ட மாதிரிகள் எந்த நிலையத்தில் வைக்கப்பட்டுள்ளன என்ற விவரத்தை இனிக் கட்டாயமாகக் கேட்பதென்று முடிவு செய்துள்ளோம். ஊசி குத்திய மாதிரிகளோடு, மரபணு ஆய்வுக்கென ஆல்கஹாலில் இட்ட சிலவும் இருத்தல் வேண்டும். பொறி வைத்த தேதியும் அருகிலிருந்த மரமும், புழுவிலிருந்து வளர்த்ததாயின் அது கிடைத்த பழமும், சீட்டிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.