வீதியில் கிடைக்குமா விடுதலை?

வேலையை உதறிவிட்டு, வாகனமொன்றை வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகத் திரிவதே உயர்ந்த வாழ்க்கை என்ற உபதேசம் இன்ஸ்டகிராமிலும் யூடியூப்பிலும் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. நியூயோர்க்கில் ரால்ப் லோரன் ஆடை நிறுவனத்தில் பணியாற்றிய ஃபொஸ்டர் ஹன்டிங்டன் என்ற இளைஞர் 2011இல் உத்தியோகத்தைத் துறந்து பழைய வொக்ஸ்வேகன் வானொன்றில் கிளம்பினார். அவர் தமது படங்களுக்கு இட்ட 'வான்லைஃப்' என்ற சொல் இன்று ஒரு மதமாகவே வளர்ந்துவிட்டது.

வேலைப்பளு மனிதனை நசுக்குகிறது என்பதை நான் மறுக்கவில்லை. நள்ளிரவுவரை அச்சுக்குப் பக்கம் அனுப்பிப் பழகிய பத்திரிகைக்காரனுக்கு அதை எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் நோய் உண்மை என்பதற்காக, விற்கப்படும் மருந்தும் உண்மையாகிவிடாது.

நோயின் மூலத்தைப் பாருங்கள். தனியார்துறை ஊழியருக்குச் சம்பளத்துடனான வருடாந்த விடுமுறையைக் கட்டாயமாக்கும் மத்திய சட்டம் எதுவும் அமெரிக்காவில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலே ஆண்டுக்கு நான்கு வாரங்களேனும் வழங்கப்படவேண்டும். எமது சிறிய நாட்டிலேகூட 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் 14 நாட்களை உறுதிசெய்கிறது. போய்த் திரும்பிவர வழியில்லாதவனுக்குத்தான் ஒரேயடியாகப் போய்விடுவது விடுதலையாகத் தோன்றும்.

வீதி வாழ்க்கையின் மறுபக்கத்தை ஜெசிக்கா புரூடர் 2017இல் எழுதிய 'நொமாட்லான்ட்' காட்டியது. 2008இன் நிதி நெருக்கடிக்குப் பின்னர் வீட்டையும் சேமிப்பையும் இழந்து, ஓய்வூதியம் போதாமல் வாகனங்களில் குடியேறிய முதியவர்களின் கதை அது. அமேசன் களஞ்சியங்களில் பருவகாலக் கூலிகளாக நின்ற அவர்கள் எவரும் சூரிய அஸ்தமனம் பார்க்கக் கிளம்பியவர்கள் அல்லர். அந்நூலைத் தழுவிய திரைப்படத்துக்கு 2021இல் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் உட்பட மூன்று விருதுகளை அளித்து ஹொலிவூட் கைதட்டியது. அதே தேசத்தின் உயர்நீதிமன்றமோ, பொது இடத்தில் போர்வை விரித்துத் தங்கிய வீடற்றோரைத் தண்டிக்கும் கிரான்ட்ஸ் பாஸ் நகரின் விதிகள் செல்லுபடியாகும் என 2024இல் 6க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. வீதி ஒன்றுதான். பணத்தோடு படுத்தவன் சாகசக்காரன்; பணமின்றிப் படுத்தவன் குற்றவாளி!

இந்த உபதேசத்தின் பெருங்கேடு வேறொன்று. ஒருவன் விலகிப்போவதால் அலுவலகத்தில் எதுவும் மாறுவதில்லை. அவனது கதிரையில் மறுவாரமே இன்னொருவன் அமர்கிறான். அதே பளு, அதே நேரம், அதே முதலாளி. முதலாளிக்கு இதைவிட வசதியான எதிர்ப்பு வேறென்ன இருக்கமுடியும்?

எட்டு மணிநேர வேலைநாள் நெடுஞ்சாலைகளில் பிறந்ததல்ல. 1886இல் சிக்காகோவில் வேலைத்தளங்களுக்கு எதிரே நின்று போராடியவர்களும் அவர்களின் வழிவந்தவர்களும் அதற்கு விலை கொடுத்தார்கள். 1919இல் சர்வதேச தொழில் அமைப்பின் முதலாவது சமவாயமே அந்த எட்டு மணிநேரத்தைப் பற்றியதுதான்.

பயணம் போங்கள். உலகைக் கண்குளிரப் பாருங்கள். ஆனால் உங்களுக்குச் சேரவேண்டிய விடுமுறையில், உங்களுக்குச் சேரவேண்டிய சம்பளத்துடன் போங்கள். அதைத் தர மறுப்பவனிடம் இராஜினாமாக் கடிதத்தை நீட்டுமுன், சங்கத்தின் கோரிக்கையை நீட்டுங்கள்.