முஸ்காவா? மஸ்கட்டா?

அந்நியப் பெயரொன்று நம் நாட்டிற் புகுமாயின், அதனை எங்ஙனம் ஒலித்தல் வேண்டுமென்னும் வினாவும் உடன் புகும். கம்பம் பள்ளத்தாக்கில் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் முதலிய ஊர்களிற் பந்தல்தோறும் படர்ந்துள்ள கருந்திராட்சை இதற்கு நல்ல சான்றாகும். தோட்டக்கலை நூல்கள் இதனை 'மஸ்கட் ஹாம்பர்க்' என்று வழங்கும். பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் 1832-ஆம் ஆண்டில் இதனைத் தமிழ்நாட்டிற்குக் கொணர்ந்தார் என்பர்.

பிரெஞ்சு மக்கள் அப்பெயரை எவ்வாறு ஒலிப்பர்? அவர் மொழியிற் சொல்லின் இறுதி மெய் பெரும்பாலும் ஏட்டில் நிற்கும், நாவில் வாராது. ஆகவே 'மஸ்கட்' என்பதன் இறுதி மெய் மறைந்து, 'முஸ்கா' என்பதற்கு அணித்தாய் ஒலிக்கும். அதன் முதலுயிரோ நம் உகரமும் அன்று, இகரமும் அன்று. உகரம் இதழ் குவியப் பிறக்குமென நம் இலக்கண நூலார் கூறுவர். அவ்வாறு இதழைக் குவித்துக்கொண்டு இகரத்தைச் சொல்ல முயலின் அவ்வொலி பிறக்கும். 'ஹாம்பர்க்' என்னும் ஜெர்மானிய நகரின் பெயரோ அவர் வாயில் முதல் ஹகரத்தையும் இறுதிக் ககரத்தையும் இழந்து, ஏறக்குறைய நம் பாலாற்றங்கரை ஆம்பூரைப் போலவே கேட்கும்!

இவற்றைக் கற்றல் நன்றே. பிறர் மொழியை அவர் ஒலிக்குமாறு ஒலிக்க முயல்வது அவர்க்குச் செய்யும் மரியாதையாம். ஆயின் அங்ஙனம் கற்றவர், கல்லாத தோட்டக்காரரின் நாவைக் கண்டு நகைப்பது நன்றன்று. புதுச்சேரியைப் 'பொந்திஷேரி' ஆக்கியவர் பிரெஞ்சுக்காரரேயன்றோ? ஆங்கிலேயர் நம் கம்பத்திற்கு வகுத்த எழுத்துக்களைப் புதியவர் பலர் 'கும்பும்' என்று படித்து மயங்குகின்றனர். அவர்களை யாரும் கல்லாதார் என்றிலர். வடசொல் தமிழில் வருங்கால் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தி வருமென்று தொல்காப்பியமே விதித்தது. வடமொழி 'த்ராக்ஷா' நம்மிடையே 'திராட்சை' ஆயிற்று. இன்று அதனைப் பிழையென்பார் எவருமிலர்.

மேலும், நம் உழவர் மஸ்கட்டைத் திரித்துக் கூறினாரல்லர். கனியின் நறுமணத்தை நுகர்ந்து 'பன்னீர் திராட்சை' என்று புதுப்பெயரே இட்டனர். ஹாம்பர்க் என்னும் பெயர் ஓர் ஊரைச் சுட்டும். பன்னீர் என்பதோ கனியின் குணத்தையே சுட்டும். 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றதும் 'கம்பம் பன்னீர் திராட்சை' என்னும் பெயருக்கே. உழவர் வாய்ச்சொல் அரசின் பதிவேட்டிலும் ஏறிவிட்டது.

மாணவ நண்பர்காள்! பிரெஞ்சுக்காரரோடு பேசுங்கால் 'முஸ்கா' என்போம். ஆங்கில நூலைப் படிக்குங்கால் 'மஸ்கட்' என்போம். ஆயின் திராட்சைத் தோட்டத்தில் வளர்ந்த மாணவன், வகுப்பறையில் தன் தந்தையின் சொல்லைக் கூற நாணி விழுங்கும் நிலையை மட்டும் நாம் உண்டாக்கலாகாது. அவன் 'பன்னீர்' என்று உரக்கச் சொல்லட்டும். பிழையற்ற உச்சரிப்பு அதுவே.