1968: ஓராண்டின் இரு முனைகள்

ஆங்கிலேயரின் வரலாற்றெழுத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஓர் ஆண்டைத் தனியே எடுத்துக்கொண்டு, அவ்வாண்டின் நாடாளுமன்றத்தையும் தெருவையும் நாடக அரங்கையும் ஒரே நூலுக்குள் அடுக்கிக் காட்டுவார்கள். 1968ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்வோம். குடியேறிகளுக்கு எதிராக ஏனக் பவல் ஏப்ரல் 20 அன்று பர்மிங்காமில் ஆற்றிய உரை, காமன்வெல்த் நாட்டவரின் வரவை நெருக்கிய சட்டம், நாடகங்கள் மீதான முன்தணிக்கையை ஒழித்த சட்டம் ஆகிய மூன்றும் அந்நாட்டில் அந்த ஓராண்டுக்குள் நிகழ்ந்தவை. மூன்றையும் அருகருகே வைத்துப் படிக்கும்போதுதான், கலைஞனுக்குச் சுதந்திரம் அளித்த அதே சமூகம் கறுப்பின அண்டைவீட்டானைக் கண்டு எவ்வளவு அஞ்சியது என்பது புலனாகிறது.

நம்மிடையே இப்பழக்கம் வேரூன்றவில்லை. அரசியல் வரலாறு, மொழி வரலாறு, இலக்கிய வரலாறு, போராட்ட வரலாறு என்று தனித்தனிப் பேழைகள் வைத்திருக்கிறோம். ஒன்றில் இருப்பது மற்றொன்றுக்குத் தெரிவதில்லை. இதனால் நேரும் இழப்பு என்ன என்பதைத் தமிழரின் 1968 காட்டும்.

அவ்வாண்டு பொலிவோடு பிறந்தது. சென்னையில் ஜனவரித் தொடக்கத்தில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு கூடியது. தனிநாயக அடிகள் முதலானோரின் முயற்சியால் 1964இல் தோன்றிய அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம், 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாட்டை நடத்தியிருந்தது. சென்னையில் அது அறிஞர் அவை என்ற எல்லையைக் கடந்து மக்கள் திருவிழாவாயிற்று. மெரினாக் கடற்கரையில் வள்ளுவரும் ஔவையும் கம்பரும் பாரதியும் பாரதிதாசனும் போப்பும் கால்டுவெல்லும் சிலைகளாக எழுந்தனர். கையில் சிலம்பேந்தி கண்ணகியும் நின்றாள். ஜனவரி 23இல் சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. புரோகிதரும் வடமொழி மந்திரமும் இல்லாத சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பளித்த 1967ஆம் ஆண்டுத் திருத்தம் அதே மாதத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. சங்கரலிங்கனார் 1956இல் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த கோரிக்கைக்கும் அவ்வாண்டே வழி திறந்தது. மாநிலத்தின் பெயரைத் தமிழ்நாடு என மாற்றும் சட்டத்தை 1968இல் நாடாளுமன்றம் இயற்ற, 1969 ஜனவரி 14 முதல் அப்பெயர் வழக்கிற்கு வந்தது.

கலையிலும் அது வளமான ஆண்டே. கொத்தமங்கலம் சுப்புவின் தொடர்கதையைத் தழுவிய 'தில்லானா மோகனாம்பாள்' அவ்வாண்டில் வெளிவந்து, நாகசுரமும் சதிருமாகத் தஞ்சை மண்ணின் கலைச்செருக்கைத் திரையில் நிறுத்தியது. சேலத்திலிருந்து சி. மணியின் முயற்சியில் 'நடை' காலாண்டிதழ் தொடங்கிப் புதுக்கவிதைக்கு மற்றொரு களம் கிடைத்தது.

தஞ்சையின் இசையைத் திரையில் கேட்டுத் தமிழகம் கிறங்கிய அந்நாட்களில், அதே தஞ்சையின் வயல்களில் வேறொரு வழக்கு முற்றிக்கொண்டிருந்தது. தீவிர வேளாண்மைத் திட்டத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டம் அது. புதிய நெல் ரகங்களும் உரமும் விளைச்சலைப் பெருக்கின. பெருகிய நெல்லில் தமக்கும் பங்கு வேண்டுமென்று அறுத்துக் கொடுத்தவர்கள் கேட்டனர். கேட்டது அரைப்படி நெல் கூடுதல் கூலி. நிலவுடைமையாளர்களின் நெல் உற்பத்தியாளர் சங்கம், செங்கொடியை இறக்கினால்தான் பேச்சு என்றது. டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ராமய்யாவின் குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 தலித்துகள் உயிரோடு எரிக்கப்பட்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியோரும்.

வழக்கு நடந்தது. நாகை அமர்வு நீதிமன்றம் 1970இல் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. சென்னை உயர்நீதிமன்றம் 1973இல் அவர்களை விடுவித்தது. செல்வந்தர்களான மிராசுதார்கள் ஆட்களை ஏவாமல் தாங்களே நேரில் சென்று தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பத்தக்கதன்று என்ற கருத்தில் அத்தீர்ப்பு அமைந்தது. அதே நாளில் நிலவுடைமையாளர் தரப்பில் ஒருவர் கொல்லப்பட்டதற்காகத் தொழிலாளர் தரப்பினரும் தண்டிக்கப்பட்டனர் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இப்போது சிலப்பதிகாரத்திற்கு வருவோம். மதுரையை எரிக்க முனையும் கண்ணகி தீக்கடவுளுக்கு ஒரு வரம்பு விதிக்கிறாள். அறவோரையும் பசுக்களையும் பத்தினிப் பெண்டிரையும் முதியோரையும் குழந்தைகளையும் தீண்டாதே என்கிறாள். விலக்கப்பட்டோர் பட்டியலில் பார்ப்பனரும் உண்டு. அதனை இன்று நாம் விமர்சிக்கலாம், விமர்சிக்கவும் வேண்டும். ஆயினும், சினத்தின் உச்சியிலும் முதியவரையும் குழவியையும் விலக்கி நிறுத்தும் ஓர் அறம் அங்கே இருக்கிறது. அக்கண்ணகிக்கு ஜனவரியில் சிலை வைத்தோம். டிசம்பரில் அவள் பிறந்த புகாரை உள்ளடக்கிய அதே தஞ்சை மாவட்டத்தில், அவள் விலக்கச் சொன்ன அதே முதியோரையும் குழந்தைகளையும் தேடித் தீ மூட்டினார்கள். தவறான தீர்ப்பளித்ததை உணர்ந்த கணத்தில் உயிர்விட்ட பாண்டியனைப் பாடமாக நடத்தும் நாம், 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பை அதனருகே வைத்துப் பேசுவதில்லை.

மொழிக்கான மாநாட்டையும் கூலிக்கான பூசலையும் முடிச்சுப் போடுவது முறையா என்று கேட்கலாம். மாநாடு நடத்தியவர்கள் குடிசைக்குத் தீ வைக்கவில்லையே என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விகளே. ஜனவரியின் சாதனைகளைச் சிறுமைப்படுத்துவது என் நோக்கமன்று. இருமொழிக் கொள்கையும் சுயமரியாதைத் திருமணச் சட்டமும் நமக்கு ஈட்டித் தந்தவை பெரிது. நான் சுட்டுவது வேறு. 'தமிழன்' என்ற சொல்லை அரசியல் பொருளோடு உயர்த்திப் பிடித்த ஆண்டு அது. அச்சொல்லுக்குள் யார் அடங்குவர், யார் வாசலுக்கு வெளியே நிற்பர் என்ற கேள்வியை டிசம்பர் எழுப்பியது. எரிந்தவர்கள் பேசியது தமிழ். எரித்தவர்கள் பேசியதும், வழக்கு மன்றத்தில் சாட்சிகள் அழுததும் தமிழே. மொழி ஒன்றாயிருப்பது மனிதரை ஒன்றாக்கப் போதுமானதன்று என்பதை அவ்வாண்டின் இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்தால் மட்டுமே கற்கமுடியும். அடுத்த ஆண்டே வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டமும், 1971இல் குடியிருப்பு மனைகளை அதில் வாழ்வோர்க்கே உரிமையாக்கும் சட்டமும் வந்தன. 44 உயிர்கள் போன பின் வந்தவை அவை.

இலக்கியம் இதை முற்றாக மறந்துவிடவில்லை. ஞானக்கூத்தன் கவிதை எழுதினார். இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1977இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றது. பொருளியல் கொடுமையை ஒரு தனிமனிதனின் பாலியல் குறைபாட்டுக்குள் அந்நாவல் ஒடுக்கிவிட்டது என்ற இடதுசாரி விமர்சனத்தில் உண்மை இருக்கிறது. சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' அக்குறையை உணர்ந்து மண்ணுக்கு நெருக்கமாக நின்றது. பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமய்யாவின் குடிசை' உயிர்தப்பியோரின் குரல்களைப் பதிவு செய்தது. எனினும் இவையெல்லாம் 'வெண்மணி இலக்கியம்' என்ற தனிப் பேழைக்குள் வைக்கப்பட்டுவிட்டன. மாநாட்டு மலர்கள் மற்றொரு பேழையில்.

கட்டுமாவடியிலிருந்து இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 1974இல் புதுக்கோட்டை மாவட்டம் அமையும்வரை அறந்தாங்கி வட்டமும் அதைச் சேர்ந்த இக்கடற்கரையும் தஞ்சை மாவட்டத்தின் பகுதிகளே. புகார், கீழவெண்மணி, கட்டுமாவடி மூன்றும் அன்று ஒரே ஆட்சியரின் கீழ் இருந்தன. இன்று அவை மூன்று மாவட்டங்களில் இருக்கின்றன. எல்லைகள் பிரிந்தபோது நினைவும் பிரிந்துவிட்டது போலும். என்னிடம் இளங்கலைத் தமிழ் படிக்கும் மாணவர்களிடம் 1968 என்றால், உலகத் தமிழ் மாநாடு என்று தயங்காமல் சொல்கிறார்கள். பாடநூல் அதைத்தான் கேட்கும். வெண்மணியை அறிந்த சிலர் கட்சிக் கூட்டங்களிலோ வீட்டிலோ அறிந்தவர்கள். அவர்களுக்கு அது தேர்வுக்கு உரியதன்று.

எனவே என் கருத்து எளியது. தமிழ் இலக்கிய வரலாற்றுத் தாளில் இக்கால இலக்கியத்தை நடத்தும்போது 1968 ஒரே பாடமாக நடத்தப்படவேண்டும். மாநாட்டின் ஆய்வுரைகள், 'நடை'யின் கவிதைகள், 'செந்நெல்', உயர்நீதிமன்றத் தீர்ப்பின் தமிழாக்கம் ஆகியவை ஒரே அலகில் அமையட்டும். வழக்குரை காதையை நடத்தும் ஆசிரியர் அத்தீர்ப்பையும் கையில் வைத்திருக்கட்டும். 2001 டிசம்பரில் கண்ணகி சிலை மெரினாவிலிருந்து அகற்றப்பட்டபோது தமிழுலகம் கொதித்தெழுந்தது. 2006இல் அவள் மீண்டும் தன் பீடத்திற்கு வந்தாள். அக்கொதிப்பில் பிழையில்லை. ஆனால் நீதி கேட்டவளின் சிலைக்காக எழுந்த குரல், நீதி கேட்டு மறுக்கப்பட்டவர்களுக்காகவும் வகுப்பறையில் ஒருமுறையேனும் எழவேண்டும். ஆண்டுதோறும் டிசம்பர் 25இல் வெண்மணி நினைவிடத்தில் கூடுவோர் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். தமிழ்த்துறைகள்தாம் இன்னும் அங்கு போய்ச் சேரவில்லை.