கணினியும் ஹாம் வானொலியும் பேசாதபோது

ஹாம் வானொலியிற் பழகுவோர் பலர் இந்நாளில் தம் கருவியை லினக்ஸ் கணினியோடு பிணைத்து வைத்திருக்கின்றனர். அலைவரிசையை மாற்றுதல், செய்தியைக் குறிகளாக்கி அனுப்புதல், தொடர்புகொண்ட நிலையங்களைப் பதிவேட்டில் ஏற்றுதல் ஆகிய யாவும் கணினியின் வேலையாகிவிட்டன. இவற்றிற்கெல்லாம் ஆதாரமாய் நிற்பது சீரியல் இணைப்பு என்னும் பழைய ஏற்பாடு. செய்தியைத் துணுக்குத் துணுக்காக, ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே கம்பி வழியே அனுப்பும் இம்முறைக்கு அமெரிக்காவில் 1960-இல் ஆர்எஸ்-232 என்னும் நியமம் வகுக்கப்பட்டது. அறுபதாண்டு கடந்தும் அம்முறை மறையவில்லை; யுஎஸ்பி வடத்தின் தலைக்குள் ஒரு சிறு சில்லாக ஒளிந்து வாழ்கின்றது.

இவ்விணைப்பு பழுதுற்றால் நம்மவர் செய்வது யாது? நோயை நாடாமல் மருந்தை நாடுகின்றனர். யாரோ எங்கோ எழுதிவைத்த கட்டளை ஒன்றை எடுத்துக் கணினியில் இடுவர். அது பலிக்காவிடின் வேறொன்று. அதுவும் பலிக்காவிடின் புதிய வடம். இறுதியில் வானொலி பேசினும் அது ஏன் பேசிற்று என்பது அவர்க்குத் தெரியாது. இவ்வழக்கம் அறியாமையை வளர்ப்பதோடு நில்லாது, அயலாருக்குத் தீங்கும் இழைக்கும் என்பது எம் கருத்து. அனுபவத்தில் பட்டதையே சொல்லுகின்றோம்.

பலரும் வந்து பயிலும் ஒரு கணினிக் கூடத்தில் யாம் மூவர் எம் வானொலியை இணைக்க முயன்றோம். வடத்தை மாட்டியவுடன் டிடிஒய்-யுஎஸ்பி-0 என்னும் வாயில் தோன்றியது. இரண்டொரு விநாடியில் மறைந்தது. வடம் கெட்டதென்று எண்ணி மூன்று வடங்களை மாற்றினோம். ஒரு மாலைப்பொழுது முழுதும் வீணாயிற்று. அதன் பின்னரே, முதலிற் செய்திருக்க வேண்டியதைச் செய்தோம்; அதாவது, டிமெஸ்ஜி என்னும் கட்டளையால் கணினியின் நாட்குறிப்பைத் திறந்து வரிவரியாக வாசித்தோம். வாயில் தோன்றிய வரிக்கும் மறைந்த வரிக்கும் இடையே பிஆர்எல்டிடிஒய் என்னும் பெயர் நின்றது.

அது யாதெனில், பார்வையற்றோர் விரலால் தடவி வாசிக்கும் பிரெய்லி கருவிக்குக் கணினித்திரையின் எழுத்துகளை அனுப்பும் நிரல். அத்தகைய கருவிகளுள் ஒன்றில் இருக்கும் அதே சிஎச்340 வகைச் சில்லே எம் வடத்திலும் இருந்தது. கணினி காணும் அடையாள எண் சில்லுக்கு உரியதேயன்றிக் கருவிக்கு உரியதன்று. ஆகவே எம் வடத்தைத் தன் பிரெய்லி கருவி என மயங்கி அந்நிரல் பற்றிக்கொண்டது. 2022-இல் வெளிவந்த உபுண்டு 22.04 பதிப்பில் பலரும் கண்ட இடையூறே இது.

இதற்கு எங்கும் கூறப்படும் மருந்து, "அந்நிரலை நீக்கிவிடுக" என்பது. ஒரே வரிக் கட்டளை. எம்முள் ஒருவர் அதனைத் தட்டச்சும் செய்துவிட்டார். ஆனால் அக்கூடத்தில், அதே கணினியில், நாள்தோறும் காலையில் பிரெய்லி கருவிகொண்டு பாடம் வாசிக்கும் மாணவி ஒருத்தி உண்டு. கட்டளையை ஏவியிருந்தால் எம் வானொலி பேசியிருக்கும். மறுநாட் காலையில் அவளுடைய கருவி ஊமையாகியிருக்கும். காரணமும் அவளுக்கு விளங்கியிராது. எம் அவசரத்தின் விலையை அவளன்றோ கொடுத்திருப்பாள்!

அவளுடைய கருவியின் அடையாள எண் வேறு என்பதை அவளைக் கேட்டு, மாட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டோம். பின்பு அந்நிரலின் யுடெவ் விதிக் கோப்பைப் படியெடுத்து, எம் சில்லின் எண்ணுக்குரிய ஒரே வரியை மட்டும் செயலற்றதாக்கினோம். இருவர் கருவியும் இன்று அக்கணினியில் வேலை செய்கின்றன.

நிற்க. அனுமதி மறுக்கப்பட்டதெனக் கணினி கூறினால், வாயிலை எல்லோருக்கும் திறந்துவிடும் கட்டளையை இடுவாரும், தலைமைப் பயனராகவே புகுந்து வானொலியை இயக்குவாரும் உளர். முன்னது வடத்தைக் கழற்றி மாட்டுமளவே நிற்கும், பின்னது ஆபத்து. டெபியன் வகையில் டையல்அவுட் என்னும் குழுவிலும், ஆர்ச் வகையில் யுயுசிபி என்னும் குழுவிலும் தம் பெயரைச் சேர்த்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைந்தாற் போதும்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. லினக்ஸ் ஒரு சீரியல் வாயிலைத் திறக்கும்போதே ஆர்டிஎஸ், டிடிஆர் என்னும் இரு கம்பிகளையும் உயர்த்திவிடும். அக்கம்பிகளைக் கண்டு ஒலிபரப்பத் தொடங்குமாறு வானொலி அமைக்கப்பட்டிருப்பின், சோதனைக்காக வாயிலைத் தொட்டதும் அது காற்றில் ஏறிவிடும். ஆண்டெனா இல்லாதிருந்தால் வெளியீட்டு டிரான்சிஸ்டர் கெடலாம். இருந்தால் பிறர் பேசும் அலைவரிசை கெடும். சோதிக்குமுன் வானொலியின் அவ்வமைப்பை அணைத்துவிடுக. ஹாம்லிப் நிரலிலும் இரு கம்பிகளையும் தாழ்த்தி வைக்க வழியுண்டு.

வடத்தின் மீது ஐயமெனில், ஒன்பது ஊசி முனையில் 2-ஐயும் 3-ஐயும் இணைத்துத் தட்டச்சு செய்க. தட்டிய எழுத்து திரும்பி வந்தால் கணினியும் வடமும் நலமே. ஆர்எஸ்-232 கம்பியில் 15 வோல்ட்டு வரை எழலாம். ஐகாம் வானொலியின் சிஐ-வி முனையோ 5 வோல்ட்டுக்குரியது. இரண்டையும் நேரே கோத்தல் கூடாது. வேகமும் நிறுத்தத் துணுக்கும் ஒத்திருத்தல் வேண்டும். யேசு எஃப்டி-817 இரண்டு நிறுத்தத் துணுக்குகளை எதிர்பார்ப்பதை மறந்து நாட்களை இழந்தோர் பலர்.

"ஆபத்துக் காலத்தில் இத்துணை ஆராய்ச்சிக்கு நேரமேது?" என்பர் சிலர். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது போர்ட் பிளேரில் இருந்த ஹாம் வானொலியர் செய்தி கொண்டுசென்றது யாவரும் அறிந்ததே. அத்தகைய நாளில் ஆராய நேரமிராது என்பது மெய். ஆனால் அந்நாளில் பார்த்தெழுதக் கட்டளைகளும் கிட்டா. கடையில் வடமும் கிட்டாது. ஆராய்ச்சிக்குரிய காலம் இப்போதுள்ள ஓய்வான மாலைகளே.

எம் நிலையத்தில் ஒரு குறை இன்னும் எஞ்சியிருக்கின்றது. 14 மெகாஹெர்ட்ஸில் முழு ஆற்றலோடு ஒலிபரப்பும்போது மட்டும் வாயில் அற்றுப்போகின்றது. வடத்தில் ஃபெரைட் வளையம் ஒன்றைக் கோத்தோம். குறை பாதி குறைந்தது. மறுபாதிக்குக் காரணம், ஆண்டெனாக் கம்பி கணினிக்கு மிக அருகே செல்வதுதானோ என்று ஐயுற்று, விடுமுறையில் அதனைப் பத்தடி தள்ளிக் கட்டிப் பார்க்க எண்ணியுள்ளோம்.