ஐடியை பிளாக் பண்ணது யாரு? பதில் சொல்ல ஒரு மனுஷன் வேணும்!

"ஏஐ வந்தா வேலை போயிடுமா?" டீக்கடையில இருந்து டிவி விவாதம் வரைக்கும் இதே கேள்விதான் ஓடுது தோழர்களே. ஆனா நம்ம தெருவுல மேனேஜர் சீட்டுல மெஷின் உட்கார்ந்து பல வருஷம் ஆச்சு. அதைப் பத்தி பேச்சே இல்ல.

சாப்பாடு டெலிவரி பண்ற தம்பியைக் கேட்டுப் பாருங்க. எந்த ஆர்டர் யாருக்கு, எத்தனை நிமிஷம், இன்னிக்கு இன்சென்டிவ் எவ்வளவு, எல்லாமே ஆப் முடிவு பண்றதுதான். ரேட்டிங் இறங்கினா ஒருநாள் காலையில லாகின் ஆகாது. மெமோ கிடையாது, விசாரணை கிடையாது. யாரைக் கேட்கிறது? ஹெல்ப்லைன்லயும் பாட்டுதான் பதில் சொல்லும். பைக் இஎம்ஐ மட்டும் தேதி தவறாம வரும்.

"ஆப் இல்லேன்னா அந்த வேலையே இல்லையே"ன்னு சிலர் கேட்கலாம். நியாயம்தான். சிபாரிசு இல்லாம, யார் வாசல்லயும் காத்துக் கிடக்காம எத்தனையோ பேர் சம்பாதிக்கிறாங்க. அதுக்காக காரணம் கேட்கிற உரிமையை விட்டுக் கொடுக்கணுமா?

இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு இது தெரியும்: அல்காரிதம் வானத்துல இருந்து குதிக்கல. எந்த மார்க்குக்குக் கீழ போனா பிளாக்குன்னு நாலு பேர் மீட்டிங் போட்டு முடிவு பண்ணித்தான் கோடு எழுதுறாங்க. அப்புறம் "சிஸ்டம் பண்ணிடுச்சு சார்"னா என்ன அர்த்தம்?

1918-ல சென்னை மில் தொழிலாளர்கள் சங்கம் ஆரம்பிச்சப்போ, எதிர்ல ஒரு முதலாளி இருந்தார், போய் நிக்க ஒரு கேட் இருந்துச்சு. இன்னிக்கு எந்த கேட் முன்னாடி நிக்கிறது?

2021-லயே பிரிட்டன் உச்ச நீதிமன்றம், ஊபர் டிரைவர்களும் குறைந்தபட்ச ஊதியம் கேட்க உரிமையுள்ள தொழிலாளர்கள்தான்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. இங்க ராஜஸ்தான் 2023-ல முதல் சட்டம் கொண்டு வந்துச்சு. அதே வருஷம் தமிழ்நாட்டுல கிக் தொழிலாளர்களுக்குன்னு தனி நல வாரியம் வந்துச்சு. ஒன்றிய அரசோட சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2020-ல நிறைவேறி, நடைமுறைக்கு வர 2025 நவம்பர் ஆச்சு! கம்பெனிகள் வருடாந்திர விற்றுமுதல்ல 1 முதல் 2 சதவீதம் கட்டணும்னு அதுல இருக்கு. நல்லது. ஆனா ஐடி ஏன் பிளாக் ஆச்சுங்கிற கேள்விக்கு அதுல பதில் இல்ல.

கர்நாடகா 2025 சட்டத்துல அது இருக்கு. வேலையை விட்டு நிறுத்தணும்னா 14 நாள் நோட்டீஸ், எழுத்துல காரணம். வேலையைப் பிரிச்சுக் கொடுக்கிற சிஸ்டம் எப்படி இயங்குதுன்னும் தொழிலாளிக்குச் சொல்லணும்.

தமிழ்நாட்டுக்கும் இது சட்டமா வேணும். காரணம் தமிழ்ல வரணும். மேல்முறையீட்டைக் கேட்க மனுஷன் இருக்கணும், பாட் ஆகாது.

அதுவரைக்கும், அடுத்த தடவை பார்சல் வாங்கும்போது அந்தத் தம்பிகிட்ட நல வாரியத்துல பதிவு பண்ணியாச்சான்னு ஒரு வார்த்தை கேளுங்க. இல்லேன்னா பதிவு பண்ண நீங்களே உதவுங்க தோழர்களே.

#காரணம்_சொல்