குடற்புழுவும் நாட்காட்டியும்

குதிரை வளர்ப்போர்க்கான அறிவுரைத் தாள்களை மொழிபெயர்க்கும் பணி எனக்கு அவ்வப்போது வாய்ப்பதுண்டு. "இரண்டு திங்களுக்கு ஒரு முறை எல்லாக் குதிரைகளுக்கும் குடற்புழு மருந்து புகட்டுக" என்னும் வாக்கியம் அவற்றிற் பலகால் தலைகாட்டும். அவ்வாக்கியத்தை இனி எழுதலாகாது என்பது என் கருத்து.

அது பிறந்த காலத்தில் தக்க காரணம் இருந்தது. 1966-இல் அமெரிக்காவின் கென்டக்கிப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்களான டிரட்ஜ், லயன்ஸ் ஆகிய இருவர் இம்முறையை வகுத்தனர். அன்று அனைவரும் அஞ்சியது 'ஸ்ட்ராங்கைலஸ் வல்காரிஸ்' என்னும் புழுவையே. புல்லோடு உட்சென்ற அதன் இளம்புழு, குடற்சுவரைத் துளைத்து, குடலுக்குக் குருதி செலுத்தும் பெருந்தமனியை அடைகிறது. அங்கே தமனியின் சுவர் தடித்துக் குருதி உறையும். உறைந்த கட்டி பெயர்ந்து கிளைக் குழாய்களை அடைத்துவிட்டால், குடலின் ஒரு பகுதி குருதியின்றி அழுகிவிடும். மாலையில் நன்றாகக் கொள்ளுத் தின்ற குதிரை விடியலில் தரையிற் புரண்டு துடித்து மாண்டமைக்கு இப்புழு காரணமாயிருந்ததுண்டு. இளம்புழு முதிர்ந்து முட்டையிட ஏறத்தாழ ஆறு திங்கள் செல்லும். ஆகவே இலத்தியில் முட்டை தோன்றுமுன்னரே உள்ளே கேடு நிகழ்ந்துவிடுகிறது.

இடையறாது மருந்து புகட்டிய நாடுகளில் அப்புழு அருகிற்று. ஆனால் அதே மருந்துகளுக்கு அடங்காத சிறு ஸ்ட்ராங்கைல் புழுக்கள் பெருகின. இவை குடற்சுவரில் உறைகட்டி உறங்கிக் கிடந்து, ஒருசேர வெளிப்படுங்கால் கடும் கழிச்சலையும் மெலிவையும் விளைக்கின்றன. குட்டிகளைத் தாக்கும் பெரிய உருண்டைப்புழுவோ, ஐவர்மெக்டினுக்கும் அடங்காமை 2002-இலேயே நெதர்லாந்தில் அறியப்பட்டது. இத்தனை வேறுபட்ட உயிர்களையும் 'குடற்புழு' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டோம். அக்குற்றத்தில் மொழிபெயர்ப்பாளர்க்கும் பங்குண்டு.

மருந்தை அறவே கைவிடுக என்று நான் கூறவில்லை. டென்மார்க்கில் 1999 முதல் மருத்துவர் சீட்டின்றிப் புழுமருந்து பெறலாகாது என்றனர். நாளடைவில் பழைய ஸ்ட்ராங்கைலஸ் மீண்டும் தலையெடுத்ததை அவர்களுடைய ஆய்வுகளே காட்டின. பார்த்துக் கொடுக்கவேண்டும் என்பதே என் வாதம்.

பார்ப்பது அரிதன்று. புதிய இலத்தியைச் செறிந்த உப்புநீரிற் கரைத்து வடிகட்டினால் முட்டைகள் மேலே மிதக்கும். பள்ளி ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கியே அவற்றைக் காண்பதற்குப் போதும். ஆசிரியர்கள் இதனை ஒரு பாடமாகவே நடத்தலாம். வளர்ந்த குதிரைகளுள் ஒரு சிலவே பெரும்பகுதி முட்டைகளை வெளியிடுகின்றன. மருந்து முதலில் அவற்றிற்குரியது. எடையைக் கண்மதிப்பாற் கொள்ளாது, மார்பைச் சுற்றி அளவுநாடா பிடித்துக் கணித்தல் வேண்டும்; குறைந்த அளவு மருந்து புழுவைக் கொல்லாமற் பழக்கிவிடும். மேய்ச்சல் நிலத்து இலத்தியை வாரம் இருமுறை அள்ளிக் குவித்து மக்கச் செய்வது செலவற்ற மருந்து. மக்காத இலத்தியைப் புல்தரையில் பரப்புவது புழுவை விதைப்பதற்கு ஒப்பாகும்.

கேதார்நாத் மலைப்பாதையிலும் வடநாட்டுச் செங்கற் சூளைகளிலும் ஒரு கோவேறு கழுதையே ஒரு குடும்பத்திற்குச் சோறிடுகிறது. பயன்படாத மருந்துக்கு அவர்கள் கொடுக்கும் காசு அவ்விலங்கின் தீவனத்திலிருந்து பிடுங்கியதாகும். ஆதலின் களப்பணியாளர் மருந்து கொடுத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடியும் இலத்தியை நோக்கவேண்டும். முட்டை குறைந்திராவிடின், அளவு சரியாயிருந்ததா என்று முதலில் பார்த்து, பின்னர் அம்மருந்தை மாற்றுவது பற்றிக் கால்நடை மருத்துவரைக் கலந்துகொள்ளல் நன்று.