காய்ச்சல் விட்டதும் காத்திருக்கும் கண்டம்: டெங்கு வார்டில் நர்சு ஒருத்தர் போதுமா?

வடகிழக்கு பருவமழை தொடங்கினால் அரசு ஆஸ்பத்திரிகளில் காய்ச்சல் வார்டு நிரம்பி வழியும். சேர்த்த பிள்ளைக்கு 4-வது, 5-வது நாளில் உடம்பு சூடு இறங்கியதும் வீட்டுக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "சிஸ்டர், காய்ச்சல்தான் விட்டாச்சே, வீட்டுக்கு கூட்டிட்டு போகலாமா?"

டெங்குவில் அந்த நேரம்தான் கண்டம். காய்ச்சல் வந்த 3 முதல் 7-வது நாளுக்குள் சூடு தணியும்போது, சிலருக்கு ரத்தக்குழாயில் இருந்து நீர்ச்சத்து கசிந்து வெளியேறும். இது 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். கவனிக்காமல் விட்டால் ஆள் "ஷாக்"கில் போய்விடுவார்.

இதை முதலில் கண்டுபிடிக்க வேண்டியவர், காலையில் ரவுண்ட்ஸ் வந்துபோகும் பெரிய டாக்டர் இல்லை. ராத்திரி முழுக்க வார்டில் நிற்கும் நர்சுதான்.

வெளியே எல்லோரும் தட்டணுவையே பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். "எத்தனை ஆயிரம் இருக்கு?" என்று கேட்டுவிட்டு பப்பாளி இலை தேடி ஓடுகிறார்கள். விவரம் தெரிந்த நர்சு பார்ப்பது வேறு கணக்கு. சாயங்காலம் பி.பி. 110/70, இடைவெளி 40. நள்ளிரவில் 100/80. பார்த்தால் நல்ல பி.பி. மாதிரிதான் இருக்கும். ஆனால் இடைவெளி 20 ஆகிவிட்டது. இடைவெளி 20-க்கு வந்துவிட்டாலே ஷாக் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மேல் அளவு சரியும் வரை காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும்.

கை, கால் சில்லிட்டிருக்கிறதா, நகத்தை அழுத்தி விட்டால் 2 வினாடிக்குள் ரத்தம் திரும்புகிறதா, சிறுநீர் குறைகிறதா என்றும் பார்க்க வேண்டும். விடாத வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் எல்லாமே எச்சரிக்கை மணிதான். "புள்ள இப்பதான் அசந்து தூங்குறான், எழுப்பாதீங்க" என்று தாய் சொல்வார். எழுப்பித்தான் பார்க்க வேண்டும். அது தூக்கமா, மயக்கமா என்பது அப்போதுதான் தெரியும்.

சந்தேகம் வந்த உடனே டூட்டி டாக்டருக்கு போன் போக வேண்டும். குளுக்கோஸ் பாட்டிலையும் இஷ்டத்துக்கு ஏற்றிவிட முடியாது. அதிகமானால் நுரையீரலில் நீர் கோர்த்து மூச்சுத்திணறல் வரும். அதனால் மணிக்கணக்கில் பி.பி.யை பார்த்து பார்த்து அளவை மாற்ற வேண்டும்.

சிக்கல் இங்கேதான். மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியில் 3 நோயாளிக்கு ஒரு நர்சு, மற்ற ஆஸ்பத்திரிகளில் 5 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் விதி. ராத்திரி டூட்டியில் இந்த கணக்கு எங்கே நிற்கிறது என்பது வார்டில் பாய் விரித்து படுத்தவர்களுக்கு தெரியும். ஒரே ஆள் 40 கட்டிலுக்கு பி.பி. பார்த்து முடிப்பதற்குள், முதல் கட்டிலுக்கு மறுபடி பார்க்கும் நேரம் வந்துவிடும்.

2017-ல் தமிழகத்தில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. அரசு கணக்குப்படியே 65 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில்தான், 2015-ல் ரூ.7,700 தொகுப்பூதியத்துக்கு எடுக்கப்பட்ட நர்சுகள் பணி நிரந்தரம் கேட்டு சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். ஆள் குறைவு ஒரு பக்கம் இருக்க, உயிர் போன பிறகு மட்டும் "நர்சு ஏன் பார்க்கவில்லை?" என்று கேட்பது என்ன நியாயமோ!

கூட இருப்பவர்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. சிறுநீரை பாட்டிலில் அளந்து வைத்து நர்சிடம் சொல்லலாம். 5, 6 மணி நேரமாக போகவில்லை என்றால், நடு ராத்திரியானாலும் தயங்காமல் போய் எழுப்பி சொல்லலாம்.